உப்பளத்துச் சாராயமும் படகு கிளப்பும்

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் ஏரிக்கரையோரம் பாய்மரப் படகில் போய், துறைக்குத் துறை இறங்கி, அந்தந்த ஊர் பீரைக் குடித்த கதையைச் சொல்வார்கள். மும்பையிலும் கரை உண்டு, படகு உண்டு, வடித்த சரக்கும் உண்டு. ஆனால் படகு ஒரு கூட்டத்துக்கு, அடுப்பு இன்னொரு கூட்டத்துக்கு.

1846-இல் தொடங்கிய ராயல் பாம்பே யாட் கிளப் அப்போலோ பந்தரில் இருக்கிறது. நான் குடியிருக்கும் ஆண்டாப் ஹில்லை அடுத்து இருப்பது வடாலா உப்பளமும் சதுப்பும்தான்.

1949-இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது. வெளிநாட்டவருக்கும், உடம்புக்கு வேண்டும் என்று டாக்டர் சர்டிபிகேட் காட்டியவருக்கும் பர்மிட் கிடைத்தது. பால்சாரா என்ற பம்பாய்க்காரர் வழக்குப் போட்டார். 1951-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது.

மில் தொழிலாளிக்கும் துறைமுகக் கூலிக்கும் ஏது பர்மிட்? அவர்களுக்குக் கள்ளச்சாராயம்தான். ஆண்டாப் ஹில், தாராவி, சயான் கோலிவாடா பக்கம் அது பெருந்தொழிலானது. தூத்துக்குடியிலிருந்து வந்து விடி ஸ்டேஷனில் மூட்டை தூக்கிய வரதராஜ முதலியார் இதில்தான் பெரிய ஆளானார். 1987-இல் 'நாயகன்' வந்தது. மறுவருஷம் அவர் சென்னையில் இறந்தார்.

படம் ஒருவரை நாயகனாக்கியது. அடுப்பில் வெந்தவர்களையும், ரெய்டில் மாட்டியவர்களையும், குடித்துச் செத்தவர்களையும் யார் நினைத்தார்கள்? 2015-இல்கூட மும்பை மால்வணியில் விஷச்சாராயம் நூறு பேருக்கு மேல் கொன்றது.

பிள்ளைகள் படம் பார்த்துவிட்டு "இவர் நம்ம ஆளா?" என்று கேட்டால், அந்த பர்மிட் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.