தோம்பும் உறுதியும்: யாழ்ப்பாணத்து நிலப்பதிவு பற்றிய சில குறிப்புகள்

காணி உறுதி வழக்கறிஞரின் மேசைக்கும் குடும்பப் பெட்டகத்துக்குமே உரிய பத்திரம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடி அலைந்த வரலாற்றாசிரியர்கள் உறுதிகளை அவ்வளவாகத் தேடினாரல்லர். கல்வெட்டுகள் அருகியும் உறுதிகள் மலிந்தும் காணப்படும் யாழ்ப்பாணப் பிரதேசத்தைப் பொறுத்தவரை இது பேரிழப்பாகும். நிலம் யாரிடம் இருந்தது, யாரிடம் சென்றது, பெண்ணுக்கு அதில் என்ன பங்கு இருந்தது, யாருக்கு ஒருபோதும் பங்கிருக்கவில்லை என்பனவற்றை அறிய உறுதிகளை விடச் சிறந்த சான்றுகள் கிடைப்பது அரிது. அவற்றை எவ்வாறு தேடுவது, எவ்வாறு வாசிப்பது என்பன பற்றி ஈண்டு நோக்குவோம்.

‘தோம்பு’ என்னும் சொல் போர்த்துக்கேயரின் வழி வந்தது. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், ஊர்களையும் அவை இறுக்கவேண்டிய வரிகளையும் ஏட்டில் ஏற்றினர். 1645ஆம் ஆண்டுக்குரிய அவ்வகைப் பதிவொன்றை ஆதாரமாகக் கொண்டு பீ. ஈ. பீரிஸ் 1920இல் வெளியிட்ட நூல் ஆய்வாளர் அறிந்ததே. பதிவின் நோக்கம் குடியானவரின் உரிமையைக் காப்பதன்று. வரி தப்பிப்போகாதபடி பார்ப்பதே. இதனை மனங்கொள்ளாது தோம்பை வாசிப்போர், அதில் காணப்படும் பெயர்களையெல்லாம் உரிமையாளரின் பெயர்கள் எனக் கொண்டு இடர்ப்படுவர். அது வரியிறுப்போரின் பட்டியலேயாகும்.

1658இல் வந்த ஒல்லாந்தர் இம்முறையை விரிவாக்கினர். நிலத்தோம்போடு பள்ளித்தோம்பும் அவர் காலத்தில் நிலவியது. ஞானஸ்நானமும் விவாகமும் அதில் எழுதப்பட்டன. அதனைப் பேணிய சட்டம்பிமார் ஊரின் எழுத்தர்களாகவும் விளங்கினர்; ஓலையில் எழுதப்பட்ட உறுதிகள் பல அவர் கைப்பட்டவை. இன்றும் யாழ்ப்பாணத்து உறுதிகளில் ஊரின் பெயரையடுத்துக் ‘கோயிற்பற்று’ என்னும் சொல் வருவதை வாசகர் கண்டிருப்பர். அக்கோயில் சைவக் கோயிலன்று. தெல்லிப்பழை, மல்லாகம், உடுவில், வட்டுக்கோட்டை என ஐரோப்பியர் வகுத்த தேவாலயப் பிரிவுகளையே அது குறிக்கின்றது. அவர்களது ஆட்சி மறைந்து இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும், அதன் எல்லைக்கோடுகள் உறுதியின் முதல் வரியில் அழியாது நிற்கின்றன.

1707இல் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, காணி விற்பனை பற்றிக் கூறுவது கூர்ந்து நோக்கத்தக்கது. முன்னைய வழக்கின்படி, விற்க விரும்புபவன் தன் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், அக்காணியை ஈடாகப் பெற்றிருக்கும் அயற்காணிக்காரருக்கும் முதலில் அறிவித்தல் வேண்டும். கொமாண்டர் புளொம் காலந்தொட்டு இது மாறியது. விற்போர் சார்ந்த தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் விற்பனை அறிவிக்கப்படல் வேண்டும் எனவும், வாங்க முன்னுரிமை கொண்டோர் அதற்குள் முன்வருதல் வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது. வீட்டில் விபூதி பூசியவனும் தன் காணியை விற்பதற்குத் தேவாலய வாசலையே நாடவேண்டியிருந்தது! நில உடைமை மதமாற்றத்தின் மீது செலுத்திய அழுத்தத்தை ஆராய்வோர் இவ்விதியைப் புறக்கணித்தலாகாது. 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் ஆங்கிலேயர் தேசவழமைக்குச் சட்டவலு அளித்தனர். முன்னுரிமைக் கொள்வனவு 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டத்தால் பங்காளருக்கும், விற்பவரின் உரித்தாளராகக் கூடியோருக்கும் மட்டும் உரியதாகச் சுருக்கப்பட்டது. அயற்காணிக்காரர் அதனோடு விலகிக் கொண்டார்.

இன்றைய உறுதிமுறையின் அத்திவாரம் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டமாகும். காணிக் கைமாற்றம் எழுத்தில் அமைந்து, நொத்தாரிசின் முன்னும் இரு சாட்சிகளின் முன்னும் கையொப்பமிடப்படாவிடின் செல்லாது என்பது அதன் சாரம். 1863இல் காணிப் பதிவுக்கான சட்டம் வந்தது. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசு சட்டமும் 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டமும் இம்முறையை நிறைவாக்கின. நொத்தாரிசு உறுதியின் ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். ஒன்று உரியவரிடம் செல்லும். இன்னொன்று மாதந்தோறும் பதிவகத்தை அடையும். மூலவுறுதி தொலைந்தாலும் தடயம் தொலையாதிருப்பதற்கு இந்த ஏற்பாடே காரணம். ஆயினும் ஒன்றை அழுத்திக் கூறவேண்டும். இங்கு பதியப்படுவது உறுதி, உரிமை அன்று. உரிமையற்றவன் எழுதிய உறுதியும் பதிவகத்தில் ஒழுங்காக ஏறும். பதிவு தருவது பெரும்பாலும் முந்துரிமையே. முன்னர் எழுதப்பட்டுப் பதியாமலிருந்த உறுதியை, பெறுமதி கொடுத்து வாங்கிப் பின்னர் எழுதி முதலிற் பதிந்த உறுதி, வஞ்சகம் இல்லாதவிடத்து, வென்றுவிடும். உரிமையையே பதிவதற்கென 1998இல் 21ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டமை, பழைய முறையின் இக்குறையை அரசே ஏற்றுக்கொண்டதற்குச் சான்றாகும்.

தேடல் பின்னோக்கியே நடைபெறும். கையிலுள்ள உறுதி, தான் எந்த உறுதியின் வழி வந்தது என்பதை இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றோடு கூறும். அதைப் பற்றிக்கொண்டு முன்னைய உறுதிக்கும், அதிலிருந்து அதற்கு முந்தியதற்கும் செல்லவேண்டும். பதிவகத்தில் ஒவ்வொரு காணிக்கும் தொகுதியும் பக்கமும் உண்டு. பக்கம் நிரம்பினால் கணக்கு வேறொரு தொகுதிக்குக் கொண்டு செல்லப்படும். காணி துண்டாடப்பட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் புதிய பக்கம் திறக்கப்பட்டுப் பழையதோடு குறுக்குக் குறிப்பினால் இணைக்கப்படும். இக்குறுக்குக் குறிப்பு விடுபட்ட இடத்திற்றான் வழக்குகள் பிறக்கின்றன. தவறான பக்கத்தில் ஏறிய உறுதி முறையாகப் பதியப்பட்டதாகக் கொள்ளப்படாமையால், அதனை நம்பியவர் முந்துரிமையை இழக்க நேரிடும். பிரிபடாப் பங்குகள் வேறொரு சிக்கல். நான்கில் ஒன்று எட்டில் ஒன்றாகி, எட்டில் ஒன்று நாற்பத்தெட்டில் ஒன்றாகி, தலைமுறைகள் கடந்தபின் எல்லாப் பங்குகளையும் கூட்டிப் பார்த்தால் தொகை ஒன்றை விஞ்சி நிற்பதும் உண்டு. ஒருவர் தமக்கு உரியதினும் மிகுதியாக எழுதிக் கொடுத்ததன் விளைவு அது. இதனைத் தீர்க்கப் பிரிவிடுதல் வழக்கு உண்டு. அதன் தீர்ப்பு முன்னைய உறுதிகள் அனைத்தையும் விஞ்சியது. ஆனால் சில வழக்குகளில் தாத்தா தொடங்கியதைப் பேரனே முடித்து வைக்கிறான்.

உறுதியின் அட்டவணைப் பகுதியே சமூக வரலாற்றாசிரியனுக்குக் கருவூலம். வரகு விளையும் நிலத்தில் 16 பரப்பு ஓர் ஏக்கர்; நெல் விளையும் நிலத்தில் 24 பரப்பு ஓர் ஏக்கர். விதைப்பின் அளவே நிலத்தின் அளவாக இருந்த காலத்தின் எச்சம் இது. வரகு யாழ்ப்பாணத்து வயிற்றிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டது. உறுதியில் மட்டும் தொடர்ந்து விளைந்துகொண்டிருக்கிறது. கலட்டி, புலம், வளவு, ஓடை என முடியும் காணிப்பெயர்கள் மண்ணின் இயல்பையும் பயன்பாட்டையும் கூறுகின்றன. நாற்றிசை எல்லைகளில் வரும் ஆட்பெயர்களைக் கொண்டு ஓர் ஊரின் குறித்த காலத்துக் குடியிருப்பையே ஓரளவு மீள வரையலாம். பங்குக்கிணறும் அதற்குச் செல்லும் வழிவாய்க்காலும் தவறாது குறிக்கப்படுதல், ஆறில்லாத குடாநாட்டில் நிலத்தினும் நீரே அரிய ஆதனமாய் இருந்தமையைக் காட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கச் சென்றோரின் பணம் ஊருக்குத் திரும்பிய வரலாற்றையும் அற்றோணித் தத்துவங்களின் துணைகொண்டு ஆராயலாம்.

பெண்களைப் பற்றி உறுதிகள் கூறுவது எளிதில் ஒரு சூத்திரத்துள் அடங்காது. சீதன உறுதியின் வழி காணி தாயிடமிருந்து மகளுக்குச் செல்கின்றது; ஆதலால் தந்தைவழிப் பெயர்களை மட்டும் தொடர்ந்து செல்பவர் இரண்டாந் தலைமுறையிலேயே வழிதவறுவர். முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்னும் மூவகைப் பாகுபாடு இன்றி யாழ்ப்பாணத்து உறுதியை வாசித்தல் இயலாது. ஆயினும் 1911ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசையா ஆதனத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். உடைமை அவளது, பேனா அவனது. சீதனத்தைப் பெண்ணுரிமையின் சான்றாக விதந்துரைப்போர் இக்கையொப்பத்தையும் கருத்திற்கொள்வது நன்று.

உறுதிகள் எதைக் கூறாது விடுகின்றன என்ற வினா இதனினும் பாரதூரமானது. தேசவழமைத் தொகுப்பில் அடிமைகளும் ஆதனமாகப் பேசப்படுகின்றனர். அடிமைமுறை 1844இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்றோருக்கு அச்சட்டம் நிலம் எதனையும் வழங்கவில்லை. ஆண்டைகளின் காணிகளிலேயே அவர்களுட் பலரும் அவர்தம் சந்ததியாரும் குடியிருந்தனர். காணிக்காரரின் உறுதியில் பனையும் கிணறும் வேலியும் இடம்பெறும். அப்பனையின் நிழலில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடிசை இடம்பெறாது. ஆலயப் பிரவேசம், தேநீர்க்கடைப் பிரவேசம் என 1960களில் எழுந்த போராட்டங்களில் ஈடுபட்டோர், இருந்த இடத்திலிருந்து எழுப்பப்படுவோம் என்ற அச்சத்தோடு போராட நேர்ந்தமையின் பொருளாதார அடிப்படை இதுவே. உறுதிகளைக் கொண்டு மட்டும் யாழ்ப்பாண வரலாற்றை எழுதுபவர் காணிக்காரரின் வரலாற்றையே எழுதுபவராவார். ஊர்வாய்மொழியையும் நீதிமன்ற ஏடுகளையும் அதனோடு சேர்த்து வாசிக்கவேண்டும் என நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

1840ஆம் ஆண்டுக்கு மீண்டும் வருவோம். உறுதியைக் கட்டாயமாக்கிய அதே ஆண்டில், காடும் தரிசும் மாறாக நிறுவப்படும் வரை முடிக்குரியன எனக் கொள்ளும் 12ஆம் இலக்கச் சட்டமும் பிறந்தது. எழுத்தில்லாதவன் நிலமில்லாதவன் என்னும் கோட்பாட்டின் இரு கரங்கள் இவை. 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் அதன் தொடர்ச்சியாகும். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தோர் பலர் உறுதிகளை இழந்தனர். வலிகாமம் வடக்கில் 1990 முதல் பல்லாயிரவர் தம் காணிகளைக் கண்ணாலும் காணவில்லை. எதிரிடையான ஆட்சி பத்தாண்டு நீடிப்பின் அதுவே உரிமையாகும் என்னும் ஆட்சியுரிமைச் சட்டம் இவர்களுக்கு எதிராகத் திரும்பாதிருக்க, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையிலான காலத்துக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் நிவாரணம் அளித்தது.

எனினும் 2025 மார்ச்சில், 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வெளியான வர்த்தமானி அறிவித்தலொன்று வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணியைக் குறிப்பிட்டு, மூன்று மாதங்களுக்குள் உரிமை கோரப்படாதவை அரச காணிகளாகப் பிரகடனம் செய்யப்படலாம் என அறிவித்தது. கடும் எதிர்ப்பின் பின்னர் அவ்வாண்டிலேயே அது மீளப்பெறப்பட்டது. நாட்டைவிட்டுச் சென்றோரும், மூல உறுதியை முகாம்களில் தொலைத்தோரும், பெற்றோரின் மரணத்தின்பின் எவ்வித உறுதியும் எழுதாதிருந்தோரும் அம்மூன்று மாதங்களில் தொகுதி இலக்கத்தையும் பக்க இலக்கத்தையும் எங்கிருந்து கொண்டுவருவர் என்பதை அறிவித்தலை வரைந்தோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அறிவித்தலில் குறிக்கப்பட்ட காணிகளுக்குரிய பதிவேட்டுப் பகுதிகளைத் தோம்பு முதலாகத் தொடர்ந்து ஊர்வாரியாகத் தொகுக்கும் பணி இன்னும் மேற்கொள்ளப்படவேண்டியதாகவே உள்ளது.