மூன்று ஞாயிறு, இரண்டு ஓலை

சர்ச்சில் ஓலை வாசிப்பது என்றால் என்ன என்று கிறிஸ்தவ நண்பர்கள் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாதிரியார் ஒரு காகிதத்தைக் கையில் எடுப்பார். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் கல்யாணம் நிச்சயமாகி இருக்கிறது, தடை ஏதும் இருப்பது யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று அறிவிப்பார். இப்படி மூன்று ஞாயிறு. மூன்று தடவையும் நியாயமான ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்றால் கல்யாண வேலைகளை ஆரம்பித்துவிடலாம்.

ரொம்பப் பழைய வழக்கம் இது. 1215ல் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் இதைக் கத்தோலிக்க உலகம் முழுவதற்கும் சட்டமாக்கியது. காரணம், திருட்டுக் கல்யாணங்கள். ஒரு ஊரில் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு அடுத்த ஊரில் இன்னொருத்தியைக் கட்டுகிறவர்களையும், கட்டக்கூடாத நெருங்கிய உறவில் கட்டுகிறவர்களையும் பிடிப்பதற்குச் சர்ச் கண்டுபிடித்த வலை.

2000 டிசம்பரில் கனடாவின் டொரன்டோ நகரத்துச் சர்ச் ஒன்றில் இதே மாதிரி இரண்டு ஓலைகள் வாசிக்கப்பட்டன. ஒன்றில் இருந்த பெயர்கள் கெவின் பூராசா, ஜோ வார்னெல். இருவரும் ஆண்கள். இன்னொன்றில் எலெய்ன் வோட்டூர், ஆன் வோட்டூர். இருவரும் பெண்கள்.

வாசித்தவர் பிரென்ட் ஹாக்ஸ். கிழக்குக் கனடாவில் ஒரு பாப்டிஸ்ட் குடும்பத்தில் பிறந்தவர். மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச் என்ற சபையின் டொரன்டோ போதகர்.

இந்தச் சபைக்கு ஒரு முன்கதை உண்டு. ட்ராய் பெரி என்று ஓர் அமெரிக்கப் பெந்தெகொஸ்தே போதகர். மனைவி, குழந்தைகள் எல்லாம் உண்டு. ஆனால் தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்பது ஒரு கட்டத்தில் அவருக்குப் புரிந்தது. சபை சும்மா விடுமா? வெளியே அனுப்பிவிட்டது. இந்த மாதிரி ஆட்கள் மதமே வேண்டாம் என்று போய்விடுவார்கள் என்றுதானே நினைப்போம்? பெரி போகவில்லை. 1968 அக்டோபர் 6 அன்று, லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்தில் தன் வீட்டுக் கூடத்திலேயே ஜெபக் கூட்டம் நடத்தினார். வந்தவர்கள் 12 பேர். அதுதான் சபையின் பிறப்பு.

சரி, ஹாக்ஸ் எதற்காக ஓலையைக் கையில் எடுத்தார்?

ஒன்டாரியோ மாகாணத்தில் கல்யாணத்துக்கு இரண்டு வழி. ஒன்று, நகராட்சியில் லைசென்ஸ் வாங்குவது. அந்த வழி அடைபட்டிருந்தது. 2000ல் சில ஒருபால் ஜோடிகள் லைசென்ஸ் கேட்டுப் போனபோது, கோர்ட் சொல்லட்டும், பார்க்கலாம் என்று மனுக்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. இன்னொரு வழி சர்ச்சில் ஓலை வாசிப்பது. ஓலை வாசித்துவிட்டால் லைசென்ஸ் தேவையில்லை. சட்டத்தில் 'உரிய வயது வந்த எந்த நபரும்' என்றுதான் இருந்தது. ஆண், பெண் என்ற பேச்சே அங்கே இல்லை. அரசாங்க ஆபீசில் அடைத்த கதவு, சர்ச்சின் பழைய வழக்கத்தில் திறந்துதான் கிடந்தது.

2001 ஜனவரி 14. கல்யாண நாள். மிரட்டல்கள் வந்திருந்ததால் போலீஸ் பாதுகாப்பு. அங்கிக்கு உள்ளே குண்டு துளைக்காத உடுப்போடு நின்று, ஹாக்ஸ் இரண்டு கல்யாணங்களையும் நடத்தி வைத்தார். சான்றிதழ் கொடுத்தார். காகிதங்களைப் பதிவுக்கு அனுப்பினார்.

பதிவாளர் மறுத்துவிட்டார். கல்யாணம் நடந்தது, சாட்சிகள் இருக்கிறார்கள், ஆனால் அரசாங்கத்தின் கணக்கில் வரவு இல்லை. கேஸ் கோர்ட்டுக்குப் போனது.

பதிவாளர் சொன்ன காரணம், கனடாவின் மத்தியச் சட்டம் இதை அனுமதிக்கவில்லை என்பது. எந்தச் சட்டம்? அங்கேதான் சுவாரஸ்யம். கல்யாணம் என்றால் இன்னது என்று விளக்கம் சொல்லும் பொதுச் சட்டம் எதையும் கனடா நாடாளுமன்றம் அதுவரை போட்டிருக்கவில்லை. கைவசம் இருந்தது 1866ஆம் வருஷத்து இங்கிலாந்துத் தீர்ப்பு ஒன்று.

ஜான் ஹைட் என்று ஓர் ஆங்கிலேயர். இளவயதில் மார்மன் மதத்தில் சேர்ந்து அமெரிக்காவுக்குப் போனார். சால்ட் லேக் சிட்டியில் கல்யாணம். நடத்தி வைத்தவர் மார்மன்களின் பெரிய தலைவர் பிரிகாம் யங். பிற்பாடு ஹைட்டுக்கு அந்த மதம் கசந்தது. விலகினார். மனைவி அங்கேயே இன்னொருவரை மணந்துகொண்டார். ஹைட் இங்கிலாந்து திரும்பி விவாகரத்து கேட்டார். நீதிபதி பென்சான்ஸ் பிரபு போட்டார் ஒரு போடு: கிறிஸ்தவ உலகம் கல்யாணம் என்று புரிந்துகொண்டிருப்பது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டும் ஆயுளுக்கும் சேர்ந்திருப்பது. பலதாரம் அனுமதிக்கும் மார்மன் கல்யாணம் அந்தக் கணக்கில் வராது. கல்யாணமே இல்லை என்னும்போது விவாகரத்து எப்படித் தருவது?

அதாவது, பல பெண்டாட்டிக்காரர்களைத் தள்ளி வைப்பதற்காக எழுதிய வாசகம், 135 வருஷம் கழித்து, கடல் தாண்டி, இரண்டு ஆண்களையும் இரண்டு பெண்களையும் தடுக்க வந்து நின்றது.

*

மதங்கள் எல்லாம் ஒரு பக்கம், கோர்ட் இன்னொரு பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்டாரியோ மேல்முறையீட்டில் எதிர்த்து நின்ற கூட்டணியில் கத்தோலிக்கர்கள், சுவிசேஷ சபையினர், முஸ்லிம்கள் ஒரே வரிசையில் இருந்தார்கள். மற்ற விஷயங்களில் இவர்களை ஒன்றாகப் பார்ப்பது அபூர்வம். ஆதரித்து வந்தவர்களில் ஹாக்ஸின் சபையோடு தாராளவாத யூத ரபிகளின் கூட்டமைப்பும் இருந்தது. கனடாவின் மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் சபையான யுனைடெட் சர்ச், ஒருபால் கல்யாணங்களைச் சட்டப்படி அங்கீகரியுங்கள் என்று 2003ல் அரசாங்கத்தையே கேட்டுக்கொண்டது.

ஹாக்ஸின் சபை கோர்ட்டில் வைத்த ஒரு வாதத்தைக் கவனிக்க வேண்டும். எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்ய மறுப்பது எங்கள் மதச் சுதந்திரத்தைப் பறிப்பது என்றார்கள். நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. உங்கள் சர்ச்சில் கல்யாணம் செய்து வைப்பதை யாரும் தடுக்கவில்லையே, இந்த வழக்கு சட்டம் சொல்லும் கல்யாணத்தைப் பற்றியது, மதம் சொல்லும் கல்யாணத்தைப் பற்றியது அல்ல என்றார்கள். ஆனால் சமத்துவ உரிமை என்ற இன்னொரு வாதத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

2003 ஜூன் 10. மூன்று நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அன்றே அமல். ஜனவரி 14 கல்யாணங்கள் இரண்டையும் பதிவு செய்ய உத்தரவு. சுமார் 29 மாதம் கழித்து அந்த நான்கு பேரும் சட்டப்படி தம்பதிகள் ஆனார்கள்.

அடுத்த மாதமே வத்திகான் ஒரு அறிக்கை வெளியிட்டது. இந்த மாதிரிச் சட்டத்துக்கு ஓட்டுப் போடுவது கத்தோலிக்க அரசியல்வாதிக்குப் பெரும் ஒழுக்கக்கேடு என்றது. அப்போது கனடாவின் பிரதமர் ழான் க்ரெட்டியன், கத்தோலிக்கர். கால்கரி பிஷப் பிரெட் ஹென்றி, பிரதமரின் ஆன்மாவுக்கே ஆபத்து என்று வெளிப்படையாகச் சொன்னார். க்ரெட்டியன் அரசு அப்பீல் போகவில்லை. அடுத்து வந்த பால் மார்ட்டினும் கத்தோலிக்கர்தான். அவரும் பின்வாங்கவில்லை.

2005 ஜனவரியில் அமிர்தசரஸிலிருந்து குரல் வந்தது. அகால் தக்தின் தலைவர் ஜோகிந்தர் சிங் வேதாந்தி, சீக்கிய எம்.பி.க்கள் இதை எதிர்க்க வேண்டும் என்றார். நவ்தீப் பெய்ன்ஸ் என்ற இளம் சீக்கிய எம்.பி. ஆதரித்தார். அவர்களுடைய இக்கட்டை யோசித்துப் பாருங்கள். குதிரைப் போலீஸில் டர்பன் கட்டிக்கொள்ள 1990ல் அனுமதி கிடைத்தபோது எத்தனை எதிர்ப்பு! அப்போது சிறுபான்மை உரிமை என்பது சீக்கியர்களுக்குக் கேடயம். அதே கேடயத்தை இன்னொரு சிறுபான்மை கேட்கும்போது என்ன பதில் சொல்வது?

பாதிரியார்களுக்கு வேறு ஒரு பயம் இருந்தது. நாளைக்கு எங்களையும் கட்டாயப்படுத்துவார்களோ? 2004 டிசம்பரில் கனடா சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது. மனம் ஒப்பாத எந்த மதகுருவையும் நிர்ப்பந்திக்க முடியாது. பென்சான்ஸ் பிரபு பேசியது கல்யாணமும் மதமும் பிரிக்க முடியாதவை என்று நம்பிய சமூகத்துக்கு, இன்றைய கனடா அது அல்ல என்றும் சொன்னது. 2005 ஜூன் 28 அன்று மசோதா 158க்கு 133 என்ற கணக்கில் கீழ்ச்சபையில் நிறைவேறியது. ஜூலை 20 முதல் நாடு முழுவதற்கும் சட்டம்.

அரசாங்கத்துக் கணக்கு அதோடு முடிந்தது. சபைகளுக்குள் முடியவில்லை. 2019ல் கனடா ஆங்கிலிக்கன் சபை இதை ஓட்டுக்கு விட்டது. விசுவாசிகளில் 80.9 சதவிகிதம் சரி என்றார்கள். பாதிரியார்களில் 73.2. பிஷப்புகளில் 62.2. மூன்று அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பிஷப்புகளிடம் கொஞ்சம் குறைந்ததால் தீர்மானம் விழுந்தது. படி ஏற ஏற சதவிகிதம் இறங்குவதைக் கவனித்தீர்களா? வத்திகான் 2023 டிசம்பரில் ஒருபால் ஜோடிகளுக்குப் பாதிரியார்கள் ஆசி வழங்கலாம் என்ற அளவுக்கு வந்தது. ஆனால் அது கல்யாணம் போலத் தோன்றவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

உலகத்தில் முதலில் ஒருபால் கல்யாணத்தைச் சட்டமாக்கிய நாடு நெதர்லாந்து. 2001 ஏப்ரல் 1, நள்ளிரவில் ஆம்ஸ்டர்டாம் மேயரே நான்கு ஜோடிகளுக்கு நடத்தி வைத்தார். தேதிப்படி பார்த்தால் டொரன்டோ கல்யாணங்கள் அதற்கும் முந்தியவை. அமெரிக்காவின் மினசோட்டாவில் இன்னும் முந்தி, 1971 செப்டம்பரில், ஜாக் பேக்கர், மைக்கேல் மெக்கானல் என்ற இரண்டு பேர் எப்படியோ லைசென்ஸ் வாங்கிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அது செல்லும் என்று ஒரு கோர்ட் சொன்னது 2018ல். 47 வருஷம்!

எது முதல் என்று சட்டம் படித்தவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். ஆம்ஸ்டர்டாமில் நடத்தி வைத்தவர் மேயர். ஆனால் அதற்கு முந்திய இரண்டு ஊரிலும், சட்டம் கைவிரித்த நேரத்தில் துணிந்து நடத்தி வைத்தவர்கள் யார்? டொரன்டோவில் ஹாக்ஸ். மினசோட்டாவில் ஒரு மெதடிஸ்ட் பாதிரியார்.