ஒரே மருந்து, இரு பெயர்கள்: முதியோர் மருந்துப் பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை

நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், இதய நோய், மூட்டுவலி எனப் பல நாள்பட்ட நோய்களுடன் வாழும் முதியவர்கள் ஒரே காலத்தில் பல மருத்துவர்களிடம் சிகிச்சை பெறுகின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் துறைக்குரிய மருந்தைச் சரியாகவே பரிந்துரைத்தாலும், அனைத்தையும் ஒருசேரப் பார்ப்பவர் இல்லாதபோது ஆபத்து உருவாகிறது. ஒரே காலத்தில் 5 அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்வதை மருத்துவர்கள் பொதுவாகப் 'பன்மருந்துப் பயன்பாடு' எனக் குறிப்பிடுகின்றனர்.

முதுமையில் என்ன மாறுகிறது?

வயது கூடும்போது, மருந்தை வெளியேற்றும் சிறுநீரகங்களின் திறன் குறைகிறது. இதனால் முன்பு பொருந்திய அளவே பின்னர் மிகையாகலாம். கிளிபென்கிளமைடு போன்ற நீண்ட நேரம் செயல்படும் நீரிழிவு மாத்திரைகள் ரத்தச் சர்க்கரையை அபாயகரமாகக் குறைக்கக்கூடும். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள் தள்ளாட்டத்தை ஏற்படுத்தி, கீழே விழவும் எலும்பு முறியவும் காரணமாகலாம்.

பெயரால் நேரும் குழப்பம்

இந்தியாவில் ஒரே மூலமருந்து பல வணிகப் பெயர்களில் விற்பனையாகிறது. ரத்த அழுத்தத்துக்கான டெல்மிசார்டனை இரு மருத்துவர்கள் வெவ்வேறு பெயர்களில் எழுதித் தந்தால், நோயாளி அறியாமலேயே இரட்டிப்பு அளவை உட்கொள்ள நேரிடும். மாத்திரை அட்டையில் உள்ள மூலப்பெயரை ஒப்பிட்டால் இதைத் தவிர்க்கலாம்.

மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தவறுதலாகத் தினமும் உட்கொள்வது உயிருக்கே ஆபத்தாகும்.

கடையில் வாங்கும் மாத்திரைகள்

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகள், ரத்த அழுத்த மாத்திரைகளுடனும் சிறுநீர் பெருக்கிகளுடனும் சேரும்போது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். ஆஸ்பிரின், வார்ஃபரின் உட்கொள்வோருக்கு இவற்றால் இரைப்பையில் ரத்தக்கசிவு ஏற்படலாம். குளோர்பெனிரமின் கலந்த சளி மாத்திரைகள் முதியோருக்கு மனக்குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கக்கூடும்.

செய்ய வேண்டியவை

* சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட அனைத்தின் பெயர், அளவு, நேரம், காரணம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, ஒவ்வொரு மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.
* மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது, பழைய மருந்துகளில் எவை தொடரும், எவை நிறுத்தப்பட்டன எனக் கேட்டறிய வேண்டும்.
* புதிதாகத் தலைசுற்றல், மயக்கம், மறதி தோன்றினால், அதை முதுமையின் இயல்பு எனக் கருதாமல் மருந்துகளை மறுஆய்வு செய்யுமாறு மருத்துவரிடம் கேட்க வேண்டும்.
* மெட்டோபுரோலால், குளோனசெபம், ஸ்டீராய்டு போன்றவற்றை மருத்துவரின் ஆலோசனையின்றித் திடீரென நிறுத்தக் கூடாது.

மருந்தால் ஏற்படும் பக்கவிளைவுகளை, 2010-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளிகளும் குடும்பத்தினரும் நேரடியாகத் தெரிவிக்கலாம்.