முரசுக்குப் போன சேவல்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி மக்களே, அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல.

போன வாரம் ஒரு அமெரிக்க கிளையண்ட் பேச்சுவாக்குல, அவங்க ஊர்ப் பசங்க பேஸ்பால் கார்டு மாதிரியே அதிபர் தேர்தல் கார்டும் சேர்ப்பாங்கன்னு சொன்னார். தேடிப் பார்த்தா நிஜம்தான். 2008ல டாப்ஸ் கம்பெனி பேஸ்பால் கார்டு பாக்கெட்டுக்குள்ளயே வேட்பாளர் படங்களையும் போட்டு வித்திருக்கு. 2022 டிசம்பர்ல டிரம்ப் ஒரு படி மேல போய், கையில தொடவே முடியாத டிஜிட்டல் கார்டு 45,000 வெளியிட்டார். ஒண்ணு 99 டாலர். ஒரே நாள்ல காலி!

நம்மூர்ல இதையெல்லாம் சும்மாவே கொடுத்தாங்க. பேட்ஜ், ஸ்டிக்கர், பாக்கெட் காலண்டர். எல்லாத்துலயும் தலைவர் படத்தை விட சின்னம்தான் முக்கியம். 1951-52 முதல் பொதுத்தேர்தல்ல வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல சின்னம். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கதான் அதிகம்; படத்தைப் பார்த்துதான் சீட்டைப் போடணும். அப்போ பிடிச்ச சின்னப் பைத்தியம் இன்னும் விடல.

சரி, மேட்டருக்கு வர்றேன். கார்டு சேர்க்கறவனுக்கு எது அரிதோ அதுதான் உசத்தி. அப்படிப் பார்த்தா தமிழ்நாட்டுல முதல் இடம் 1989க்குத்தான். 1987 டிசம்பர் 24ல எம்.ஜி.ஆர். இறந்தார், கட்சி ரெண்டாச்சு, இரட்டை இலையை முடக்கிட்டாங்க. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்கு சேவல். 1989 ஜனவரி 21ல ஓட்டுப்பதிவு. சேவல் 27 இடத்துல ஜெயிச்சது. போடியில ஜெயலலிதா ஜெயிக்க, பக்கத்து ஆண்டிபட்டியில ஜானகி தோத்துட்டார். பிப்ரவரியில ரெண்டு அணியும் ஒண்ணாகி இலை திரும்ப வந்துடுச்சு. பொதுத்தேர்தல்னு பார்த்தா சேவலும் புறாவும் அந்த ஒண்ணோட சரி.

எங்க பெரியப்பா அந்த சேவலுக்காக சைக்கிள்ல கல்வராயன் மலையடிவாரம் வரை போய் ஓட்டு கேட்டவர். அவர்கிட்ட ஒரு பாக்கெட் காலண்டர் இருந்துச்சு. முன்னாடி ஜெயலலிதாவும் சேவலும், பின்னாடி 1989 பன்னெண்டு மாசமும். சின்னம் பிப்ரவரியில போயிடுச்சு, காலண்டர் மட்டும் டிசம்பர் வரைக்கும் ஓடியிருக்கு :-) அதை எம்.ஜி.ஆர். படத்துக்குப் பின்னாடி சொருகி வச்சிருந்தார்.

2006 தேர்தல். எனக்கு ஒன்பது வயசு. கருணாபுரம் தெருவுல பசங்களுக்குள்ள பேட்ஜ் மாத்தறதுதான் வேலை. (2024 ஜூன்ல கள்ளச்சாராய சாவுகளால எங்க தெரு பேரு டிவியில ஓடுச்சே, அதே கருணாபுரம்தான். பேட்ஜ் மாத்தின வீடுங்க சிலதுல இப்ப மாலை போட்ட படம் தொங்குது.) உதயசூரியனும் இலையும் கொட்டிக் கிடக்கும். விஜயகாந்த் புதுசா வந்ததால முரசு பேட்ஜுக்கு ஏக கிராக்கி, ரெண்டு சூரியன் கொடுத்தாத்தான் ஒரு முரசு. பக்கத்துல விருத்தாசலத்துல அவரே நின்னாரு வேற. ஒரு பையன் "பழசு ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாடா"ன்னான். நான் சேவலை உருவிக் கொடுத்துட்டு முரசை வாங்கி சட்டையில குத்திக்கிட்டேன்.

பெரியப்பா அடிக்கல. சட்டையைப் பார்த்தார், படத்துக்குப் பின்னாடி கையை விட்டுப் பார்த்தார். "யாருகிட்டடா கொடுத்த?"ன்னு மட்டும் கேட்டார். அந்தப் பையன் அதை மடிச்சு விசிறியாக்கிக் கிழிச்சே போட்டுட்டான்.

விஜயகாந்த் விருத்தாசலத்துல ஜெயிச்சார். 2011ல எங்க பக்கத்து ரிஷிவந்தியத்துல ஜெயிச்சு எதிர்க்கட்சித் தலைவரே ஆனார். பேட்ஜ் துருப்பிடிச்சு எப்பவோ போயிடுச்சு.

2017ல இலை மறுபடி முடங்குச்சு. ஆர்.கே.நகர் இடைத்தேர்தல்ல ஓ.பி.எஸ். அணிக்கு இரட்டை மின்கம்பம், தினகரனுக்கு தொப்பி. பணப் பட்டுவாடா புகார்ல ஏப்ரல் 12 ஓட்டுப்பதிவையே ரத்து பண்ணிட்டாங்க. டிசம்பர்ல தேர்தல் நடந்தப்ப தினகரனுக்கு குக்கர். ஆக, அவர் பேர்ல தொப்பிக்கு ஒரு ஓட்டுகூட விழல. அந்தத் தொப்பி நோட்டீஸ் ஒண்ணு என் ஃபைலுக்குள்ள மடிக்காம இருக்கு.

உங்க வீட்டு டிரங்குப் பெட்டியில 1989 சேவலோ புறாவோ இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. பெரியப்பாவுக்கு இப்ப எழுபத்து மூணு வயசு.