தீட்டிய அரிசியும் தீட்டான அரிசியும்

புதுவையிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், சுண்ணாம்பாற்றங்கரையில் இருக்கிறது நோணாங்குப்பம். அங்கே படகேறி மகிழ வருவோர் பலர். அவ்வூர் அடுப்புகளில் கொதிக்கும் உலையைப் பற்றி எண்ணுவோர் சிலர். நாம் அந்தச் சிலரோடு நிற்கிறோம். காரணம் உண்டு. நாடு தழுவிய நீரிழிவு ஆய்வொன்றின் முடிவு 2023-ல் வெளிவந்தது. புதுவையில் வயது வந்தோரில் 26.3 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளானோர் என்றது அது. கோவாவுக்கு அடுத்த இடம் புதுவைக்கு. நால்வரில் ஒருவர்!

இது தலைவிதியா? முன்வினைப் பயனா? இல்லை, தோழர்களே! பரம்பரை ஒரு காரணம். உடலுழைப்புக் குறைந்தது ஒரு காரணம். தட்டு நிறையக் குவியும் வெள்ளைச் சோறும் ஒரு காரணம். அந்த வெண்மைக்கு ஒரு வரலாறு உண்டு. அதை அறிந்தவன் அதற்கு அடிமையாகான்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதி. நீராவி ஆலைகள் நெல்லின் உமியோடு தவிட்டையும் உரித்தெறியத் தொடங்கின. முத்துப்போல் மின்னிற்று அரிசி. அதே காலத்தில் கீழை நாடுகளில் பெரிபெரி என்னும் நோய் பரவிற்று. கால் மரக்கும், உடல் வீங்கும், இதயம் ஓயும். கிருமியே காரணம் என்று மருத்துவர்கள் தேடினர். சாவகத் தீவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் கோழிகளைக் கவனித்தார். மருத்துவமனையின் வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் துவண்டு விழுந்தன. தவிடு நீங்கா அரிசியைத் தின்றதும் எழுந்து நடந்தன. அத்தீவின் சிறைச்சாலைகள் ஆராயப்பட்டன. தீட்டிய அரிசி தின்ற கைதிகளில் 39 பேருக்கு ஒருவர் நோயாளி. தவிடு நீங்கா அரிசி தின்றோரில் 10,000 பேருக்கு ஒருவர்கூட இல்லை!

அடுத்த சாட்சி நம்மவன். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவின் தோட்டங்களில் வியர்வை சிந்திய தமிழ்க் கூலிதான் அவன். சயாம் நாட்டு வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் மடிந்தனர். பக்கத்திலேயே உழைத்த தமிழனை அந்நோய் அவ்வாறு தாக்கவில்லை. ஏன்? அவன் உண்டது புழுங்கல். பிராடன் என்ற மருத்துவர் இதைக் கண்டு 1907-ல் நூலாக எழுதினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்பார் 1905-ல் தொடங்கிச் சோதித்தே பார்த்தார். வெள்ளையரிசி உண்ட 120 பேரில் 43 பேருக்கு நோய். 18 பேர் மாண்டனர். புழுங்கல் உண்ட 123 பேரில் இருவருக்கே நோய். அவ்விருவரும் நோயோடு வந்து சேர்ந்தவர்கள்.

நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது, தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பகுதி தங்குகிறது. இதுவே கமுக்கம். அச்சத்தை, அதாவது தயமினை, 1926-ல் சாவகத்தில் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தனர். 1936-ல் அதைச் செயற்கையாக ஆக்கிக் காட்டிய வில்லியம்ஸ் பிறந்த ஊர், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்!

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஒரு முறை வெந்த புழுங்கல் தூய்மையற்றது, சடங்குக்கு ஆகாதது என்று வைதிகம் விலக்கி வைத்தது. பச்சரிசிக்குப் பூசையறை; புழுங்கலுக்குப் புறவாசல். உயிர் காத்த அரிசி தீட்டாயிற்று. உயிர்ச்சத்தைத் தீட்டி எறிந்த அரிசி மேன்மையாயிற்று! கேழ்வரகும் கம்பும் கூலிக்காரன் கஞ்சி என்று ஏளனம் பெற்றன. உணவிலும் வருணம் வகுத்த நாடு இது.

ஆனால் முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர் என்று மார் தட்டவும் நாம் ஒப்போம். புழுங்கல் காத்தது உண்மை. ஏன் காத்தது என்பதைச் சொன்னது சோதனையே அன்றிச் சாத்திரம் அன்று. இன்னொன்றும் உணர்க. பெரிபெரியைத் தடுத்த புழுங்கல், நீரிழிவுக்கு மருந்தாகிவிடாது. மூன்று வேளையும் மலைபோல் குவித்தால் அதுவும் மாவுப் பண்டமே. நேற்றைய விடையை இன்றைய வினாவுக்கு ஒப்பிப்பது பகுத்தறிவாகாது.

குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி உணவுகளைக் கொடுத்து ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது; சோறே பெரும்பகுதியான சென்னை மாகாணத்து உணவு கடைசியில் நின்றது. அவருக்குப்பின் வந்த அய்க்ராய்ட் காலத்தில், இந்திய உணவுப் பொருள்களின் சத்து அளவு 1937-ல் அட்டவணையாக வெளிவந்தது. இந்த அறிவு நோணாங்குப்பத்து அடுப்பங்கரைக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது?

சோறிடும் பணியில் நமக்குப் பெருமைமிக்க வரலாறு உண்டு. 1920-ல் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில், ஒரு பிள்ளைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் பகலுணவு தந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவையில் 1930-ல் பள்ளி உணவு வந்தது. 1956-ல் காமராசர் மதிய உணவை விரிவாக்கினார். 1982-ல் சத்துணவாக அது வளர்ந்தது. 2022-ல் தமிழ்நாட்டில் காலை உணவும் சேர்ந்தது. பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்று உணர்ந்தோர் செய்த அறப்பணி இது. அப்பணி முழுமை பெற, சோற்றோடு சோற்றின் அறிவையும் பரிமாறவேண்டும்.

தட்டில் சோறு குறையட்டும்; பருப்பும் கீரையும் காயும் பெருகட்டும். நோணாங்குப்பத்தார்க்குக் கடல் பக்கம். மீன் உண்போர்க்கு மீன் உண்டு. கேழ்வரகுக்கு மீண்டும் மதிப்பு வரட்டும். நடையும் உழைப்பும் நாள்தோறும் இருக்கட்டும். எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் தாய்க்கும் அதே கீரை, அதே பருப்பு, அதே நேரத்தில் கிடைக்கட்டும். அவள் கடைசிப் பந்தியில் இருக்கும்வரை எந்த உணவுக் கல்வியும் அரைக்கல்வியே!

சாதி தீட்டு என்றான்; ஏன் என்று கேட்டோம். வெண்மை மேன்மை என்கிறான் வணிகன், அங்கும் கேட்போம். ஏன் என்ற கேள்வி மேடையில் மட்டுமன்று, அடுப்பங்கரையிலும் ஒலிக்கட்டும்!