வஜ்ஜிரச் சட்டியில் கொதித்த காபி

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டேட்டன் என்ற ஊரில் மதுக்கடை நடத்திவந்த ஜேம்ஸ் ரிட்டிக்கு இந்தப் பழமொழி தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அதன் பொருள் அவருக்கு ராத்திரிதோறும் உறைத்தது. கடையில் கூட்டம் நெரியும்; கடை சாத்திக் கணக்குப் பார்த்தால் பெட்டியில் காசு இருக்காது. கவலையில் உடம்பு கெட்டுப்போய், ஓய்வுக்காக 1878இல் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். கப்பலின் இயந்திர அறையில் ஒரு சின்னக் கருவி, உந்துவிசிறி எத்தனை சுற்றுச் சுற்றியது என்று தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது. சுற்றை எண்ணுவது காசை எண்ணாதா? ஊர் திரும்பிய ரிட்டி, சகோதரர் ஜானோடு சேர்ந்து 1879இல் கல்லா இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். வாங்கி என்ன பயன்? இயந்திரம் விலைபோகவில்லை. வந்த விலைக்கு உரிமையை விற்றுவிட்டு மதுக்கடைக்கே திரும்பிவிட்டார். கல்லாவின் கதை அத்தோடு முடிந்திருந்தால், நாம் சொல்லவந்த கதைக்கு வேலையே இருந்திருக்காது.

அதே மாநிலத்தில் நிலக்கரி வியாபாரமும், சுரங்கத் தொழிலாளர்களுக்காக ஒரு கடையும் நடத்தினார் ஜான் ஹென்றி பேட்டர்சன். சரக்கு நன்றாக ஓடியும் கடை நஷ்டத்தில் கிடந்தது. காரணம், அதே புறங்கை. ரிட்டியின் இயந்திரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு இரண்டு மூன்றை வரவழைத்தார். சில மாதங்களில் நஷ்டம் லாபமாகிவிட்டது. மயங்கிப்போன பேட்டர்சன், இயந்திரம் செய்யும் நிறுவனத்தையே 1884இல் 6,500 டாலருக்கு விலை பேசி முடித்தார். சேதி பரவியதும் ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாளே விற்றவரிடம் ஓடி, பணம் தருகிறேன், பேரத்தை முறித்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினார். இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று அவர் கையை விரித்துவிட்டார். வேறு வழியில்லாமல்தான் பேட்டர்சன் முதலாளி ஆனார்.

நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் என்று பெயர் மாற்றினார். விற்பனையாளர்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். வாடிக்கையாளரிடம் என்ன பேசவேண்டும் என்பதை வார்த்தை பிசகாமல் மனப்பாடம் செய்யவைத்தார். பத்து வருடத்துக்குள் நிறுவனம் கடல் தாண்டிவிட்டது. எல்லாம் கூடிவருகிற நேரத்தில், 1894இல், இங்கிலாந்திலிருந்து ஒரு சரக்குத் திரும்பி வந்தது. 50,000 டாலர் பெறுமானமுள்ள இயந்திரங்கள். ஒன்றுகூட உருப்படியாக வேலை செய்யவில்லை. பிரித்துப் பார்த்தவர்கள் வாயடைத்து நின்றார்கள். உள்ளே பல்சக்கரங்கள் அரித்துக் கிடந்தன. ஆலையைவிட்டுக் கிளம்பும் முன்பே யாரோ அவற்றுக்குள் அமிலத்தை ஊற்றியிருக்கிறார்கள்.

ஆலைக்குத் தீ வைக்கும் முயற்சிகளும் நடந்திருந்தன. வேறொரு முதலாளியாக இருந்தால் போலீஸுக்குச் சொல்லி நாலு பேரைப் பிடித்து உள்ளே தள்ளியிருப்பார். பேட்டர்சன் விசித்திரமான பேர்வழி. தன் மேசையைத் தூக்கிக்கொண்டுபோய் ஆலையின் நடுவே, இயந்திரங்களின் இரைச்சலுக்குள் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதுவரை கணக்குப் புத்தகத்தில் எண்ணாக மட்டுமே பார்த்த ஆலையை அப்போதுதான் ஆலையாகப் பார்த்தார். இருட்டு. அழுக்கு. கூலியும் குறைவு. வேலையைச் சரியாகச் செய்யவேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதற்கு அங்கே ஒரு காரணமும் இல்லை. இந்த நிலைமையில்தான் ஒருநாள் ஒரு பெண் அவர் கண்ணில் பட்டாள்.

சூடேற்றும் குழாய்களின் மேல் ஒரு சட்டியை வைத்துக்கொண்டு நின்றாள் அவள். தச்சு வேலைக்கு வஜ்ஜிரப் பசை காய்ச்சுகிறாள் போலும் என்று நினைத்தார் பேட்டர்சன். விசாரித்தால், காபி. மத்தியானச் சாப்பாட்டோடு குடிக்க வீட்டிலிருந்து கொண்டுவந்தது ஆறிப்போயிருந்தது; அதைச் சுடவைக்க அந்த ஆலையில் வேறு இடமில்லை. இந்தக் காட்சியைப் பிற்பாடு அவர் பலரிடம் சொல்லியிருக்கிறார். சொல்லச் சொல்லக் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். நல்ல விற்பனையாளர் அல்லவா! அந்தப் பெண்ணின் பெயரைத்தான் யாரும் குறித்துவைக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டியிலிருந்து கிளம்பிய ஆவி இன்றுவரை அடங்கவில்லை.

முதலில் பெண்களுக்குச் சூடான மதியச் சாப்பாடு வந்தது. முக்காலிகள் போய், முதுகு சாயும் நாற்காலியும் கால் வைக்கப் பலகையும் வந்தன. வெள்ளை ஏப்ரன் கொடுத்து அதை வெளுத்துத் தரும் செலவையும் கம்பெனியே ஏற்றது. திடீர் மழைக்குக் குடை இரவல் கிடைத்தது. சுவர்களில் முக்கால்வாசிக்கு மேல் கண்ணாடி பதித்த புதுக் கட்டடங்கள் எழும்பின. ஆலைக்குள் வெயில் வந்து விழுந்தது. குளியலறைகள் கட்டி, வேலை நேரத்திலேயே குளித்துக்கொள்ளலாம் என்றார்கள். பெரும்பாலான தொழிலாளர் வீடுகளில் குளியலறையே இல்லாத காலம் அது. இவையெல்லாம்கூட ஊருக்கு ஆச்சரியமில்லை. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வேலையை நிறுத்தி நடந்த அந்தக் கூத்துதான் ஆச்சரியம்.

மணி அடிக்கும். இயந்திரங்கள் நிற்கும். வரிசை வரிசையாக எழுந்து நின்று கையைத் தூக்குவதும் இறக்குவதும், இடுப்பை வளைப்பதும், மூச்சை இழுத்து விடுவதுமாகப் பத்து நிமிஷம் தேகப்பயிற்சி. பிறகு மறுபடி மணி, மறுபடி வேலை. கூலி கொடுத்து ஆட்களைச் சும்மா நிற்கவைத்துக் கையை ஆட்டச் சொல்கிறானே, மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று மற்ற முதலாளிகள் கேட்டார்கள். பேட்டர்சன் அதற்கு வைத்திருந்த பதில் ஆங்கிலத்தில் இரண்டே சொல். தமிழில் சொன்னால், ‘காசு திரும்புகிறது’. அதைப் பெரிய எழுத்தில் பலகையாக எழுதி மாட்டவும் செய்தார். தர்மம் செய்கிறார் என்று யாராவது புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது. கல்லா செய்கிறவர், கருணையையும் கல்லாவில் அடித்துக் கணக்குப் பார்த்தார். அந்தக் கணக்கு தப்பாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார், 1901 வரை.

அந்த வருஷம் ஆலையில் பெரும் தகராறு வெடித்தது. தோட்டம், பூச்செடி, சாப்பாடு, குளியல் என்று இவ்வளவு செய்தும், வார்ப்படப் பிரிவு மேஸ்திரி ஒருவரின் நடத்தையும் சில தொழிலாளர்களின் வேலைநீக்கமும் அது வெடிக்கப் போதுமானவையாக இருந்தன. அதற்கு முன்பே புகைச்சல் இருந்திருக்கிறது. குளியலறைத் துண்டுகளைச் சங்கத்தில் சேராத ஆட்கள் வெளுப்பதா என்றுகூடச் சண்டை வந்ததாம். இனாமாகக் கொடுத்த துண்டே வினையானது! ஆலை மூடப்பட்டு இரண்டாயிரம் பேருக்கு மேல் வெளியே நின்றார்கள். குளிக்க நேரம் கொடுத்த கம்பெனி, குறையைக் கேட்கக் காது கொடுக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். தகராறு ஓய்ந்ததும் தொழிலாளர் குறைகளைக் கவனிக்கவென்றே தனியாக ஒரு துறை ஏற்படுத்தினார்கள். இன்று மனிதவளத் துறை என்று சொல்கிறோமே, அதன் முன்னோடிகளில் ஒன்று அது. தொழிலாளிகளிடம் அடிவாங்கிய பேட்டர்சனின் ஆரோக்கிய மோகம், அடுத்து அதிகாரிகள் பக்கம் திரும்பியது.

லண்டனில் சார்லஸ் பால்மர் என்றொரு தேகப்பயிற்சியாளர் அவருக்கு அறிமுகமானார். பேட்டர்சன் அவரிடம் மெய்மறந்துபோய், கையோடு டேட்டனுக்கு அழைத்துவந்துவிட்டார். அதன்பிறகு மேலதிகாரிகளின் பாடு திண்டாட்டம். விடியுமுன்னே குதிரைச் சவாரிக்கு வந்து நிற்கவேண்டும். ரொட்டியும் வெண்ணெயும் உடம்புக்கு ஆகாது என்று விலக்கானது. காபியும் தேநீரும்கூட அந்தப் பட்டியலில் சேர்ந்தன என்று கதை. முகத்தைப் பார்த்தே குணத்தைச் சொல்லிவிடுவேன் என்றார் பால்மர். அவர் முகம் சுளித்தால் இங்கே ஒருவருக்கு வேலை போனது. நிறுவனத்தில் இரண்டாம் இடத்தில் இருந்த ஹியூ சால்மர்ஸ் இதைத் தட்டிக் கேட்டார். அவருக்கும் சீட்டுக் கிழிந்தது. போனவர் கார் கம்பெனி நடத்திப் பெரிய ஆளானார். ஆனால் பட்ட அவமானத்தை மறக்கவில்லை.

போட்டிக் கம்பெனிகளை முறைகேடாக நசுக்கியதாக அரசாங்கம் வழக்குப் போட்டபோது, அரசுத் தரப்பு சாட்சிகளில் ஒருவராக வந்து ஏறியவர் அதே சால்மர்ஸ். 1913 பிப்ரவரியில் பேட்டர்சனுக்கு ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டுக்குப் போயிருக்கும்போதே, மார்ச் மாதம் டேட்டனை வெள்ளம் விழுங்கியது. ஆலை மேட்டில் இருந்ததால் தப்பித்தது. அறுபத்தெட்டு வயதுக் கிழவர் இறங்கி நின்று, கல்லா செய்யும் தச்சர்களை வைத்து நூற்றுக்கணக்கில் படகு செய்யவைத்தார். ஆலைக்குள் ஆயிரக்கணக்கானோர் தஞ்சம் புகுந்தார்கள். ரொட்டி வேண்டாம் என்று விலக்கிய அதே சமையல்கூடத்தில் ரொட்டி சுடச்சுட இறங்கியது. ஊருக்கு அவர் தெய்வமாகிவிட்டார். 1915இல் தீர்ப்பும் ரத்தானது. பேட்டர்சன் 1922இல் ரயில் பயணத்தில் உயிர் விட்டார். அதற்கு நாலு வருஷம் முன்பே, தொழிலாளர்கள் உலாவ உண்டாக்கிய பெரும் பூங்காவை நகரத்துக்கே எழுதிக்கொடுத்துவிட்டார். அவருடைய மணியோசையும் தேகப்பயிற்சியும் அவரோடு போயிருக்கவேண்டியவைதான். ஒரு போர் குறுக்கே வந்தது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், அமெரிக்க அரசு சம்பள உயர்வுக்குக் கடிவாளம் போட்டது. ஆளோ கிடைக்கவில்லை. சம்பளத்தைக் கூட்ட முடியாத கம்பெனிகள் மருத்துவக் காப்பீட்டைக் காட்டி ஆள் பிடித்தன. போர் முடிந்தும் பழக்கம் நிலைத்துவிட்டது. அதன் விளைவு யாரும் எதிர்பாராதது. ஊழியருக்கு நெஞ்சுவலி வந்தால் பில் கம்பெனியின் மேசைக்கு வந்தது. அவர் பருத்தால் கம்பெனியின் செலவும் பருத்தது. பேட்டர்சனின் பழைய பலகையைத் தூசி தட்டி எடுக்கவேண்டிய காலம் வந்துவிட்டது. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 1970களின் கடைசியில் புகைபிடிப்பதைக் கைவிடவும், உடற்பயிற்சி செய்யவும், சத்தாகச் சாப்பிடவும் ஊழியர்களைப் பழக்க ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கியது. மற்றவையும் பின்னால் வரிசைகட்டின.

ஆபீஸ் பேன்ட்ரியில் திங்கட்கிழமை வைக்கும் பழக்கூடை, மாடியில் பூட்டிக்கிடக்கும் ஜிம், வருஷத்துக்கொருமுறை இலவச ரத்தப் பரிசோதனை, ‘இந்த மாதம் யார் அதிகம் நடக்கிறார்கள்’ என்று ஹெச்.ஆர். அனுப்பும் ஸ்டெப் சேலஞ்ச் மெயில். வெல்னஸ் புரோகிராம் என்று இன்று உலகமெல்லாம் புழங்கும் இந்தச் சரக்குக்கு ஊற்றுக்கண்களில் ஒன்று, அமிலம் ஊற்றிய அந்தக் கல்லாக்கள்.

சரி, காசு திரும்பியதா? 2010இல் ஹார்வர்டைச் சேர்ந்த கேத்தரின் பைக்கர் உள்ளிட்டோர் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இத்தகைய திட்டங்களில் போடும் ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவச் செலவில் 3.27 டாலர் மிச்சமாகிறது என்று எழுதினார்கள். கம்பெனிகள் அந்த எண்ணைத் தலையில் வைத்துக் கொண்டாடின. அதே பைக்கர், ஜிருய் சாங் என்பவரோடு சேர்ந்து 2019இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார். ஒரு பெரிய விற்பனை நிறுவனத்தின் 160 கிளைகளில் 20ஐக் குலுக்கலில் எடுத்து, அங்கே மட்டும் திட்டத்தை நடத்தினார்கள். மொத்தம் 32,974 ஊழியர்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தால், உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். எடை, ரத்த அழுத்தம், கொழுப்பு, மருத்துவச் செலவு எதுவும் அசையவில்லை. இல்லினாய் பல்கலைக்கழகம் தன் ஊழியர்கள் ஏறத்தாழ 5,000 பேரை வைத்து நடத்திய சோதனை, முடிச்சை அவிழ்த்தது. திட்டத்தில் விரும்பிச் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே உடம்பைப் பேணியவர்கள், ஏற்கெனவே மருத்துவச் செலவு குறைந்தவர்கள். பழைய ஆய்வுகள் பல, நடக்கிறவரை நடக்கவைத்ததாகக் கணக்கு எழுதியிருந்தன.

ஆனாலும் மெயில்கள் நிற்கவில்லை. நான் வேலை பார்த்த ஓர் ஆபீஸில் வெல்னஸ் வாரம் என்று ஐந்து நாள் காபி மிஷினை மூடி, பக்கத்தில் கிரீன் டீ பைகளை அடுக்கினார்கள். இரண்டாம் நாள் பதினொரு மணிக்கு அக்கவுன்ட்ஸ் அக்கா மேசைக்கடியிலிருந்து பெரிய பிளாஸ்க் ஒன்றை எடுத்தார். டிகாக்‌ஷன் வாசனை மூன்று வரிசை தாண்டி வந்தது. ஸ்டெப் கவுன்ட் மூன்று நாளாக 400ஐத் தாண்டாத ஹெச்.ஆர். பையன்தான் முதலில் டம்ளரோடு எழுந்து நடந்தான்.