துண்டாடாத நிலமும் கணினியின் நினைவகமும்

‘துண்டாடல்’ என்றதும் பேராக் தோட்டப்புறப் பெரியவர்கள் இன்றும் பெருமூச்சு விடுவார்கள். 1950களில் பெருந்தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட்டன. நம்மவர் பலர் வேலையும் வீடும் இழந்தனர். அதைத் தடுக்கவே, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்ற வழிவகுத்தார். பெரிய நிலத்தைச் சிதறவிடாமல் காக்க வேண்டும் என்ற அந்தப் பாடம் கணினி வரலாற்றிலும் உண்டு. அதையே இன்று பார்ப்போம்.

1960களில் கணினி ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். விலையோ யானை விலை. ஆளுக்கு ஒன்று வாங்க முடியுமா? அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த இராபர்ட் கிரீசியும் அவர் குழுவினரும் 1964இல் ஒரு வழி தேடத் தொடங்கினர். 1967இல் அது பயனுக்கு வந்தது. ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொண்டாலும், ஒவ்வொருவருக்கும் தனிக் கணினி இருப்பதுபோல் தோன்றியது. ஒரே லயத்தில் பல குடும்பங்கள் தனித்தனி அடுப்பு மூட்டுவதைப் போன்றது அது. இதையே மெய்நிகர் கணினி என்கிறோம்.

1972இல் இன்டெல் நிறுவனம் பினாங்கில் ஆலை திறந்தது. அந்நிறுவனம் 2005இல் மெய்நிகர் கணினிக்கான வசதியைத் தன் சில்லுகளிலேயே சேர்த்தது. 2007இல் லினக்ஸ் இயங்குதளத்திலும் அவ்வசதி இடம்பெற்றது. ஆயினும் உள்ளே இயங்கும் கணினியில் படம் மந்தமாகவே வந்தது. 2012இல் லினக்ஸில் சேர்ந்த ‘விஎஃப்ஐஓ’ என்னும் அமைப்பு, வரைகலை அட்டையை அப்படியே அதன் கையில் ஒப்படைக்க வழி செய்தது. படம் வேகம் பெற்றது. ஆனால் கணினி தொடங்கவே நேரம் பிடித்தது!

ஏன்? வழக்கமாக நினைவகம் கேட்கக் கேட்கக் கொடுக்கப்படும். வரைகலை அட்டையோ நினைவகத்தைத் தானே நேரடியாக எடுத்தாளும். ஆகவே முழு நினைவகத்தையும் முன்கூட்டியே ஒதுக்கித் துடைத்து, இடம் மாறாமல் பூட்டிக் கணக்கில் எழுத வேண்டும். வழக்கமான பக்கம் ஒன்றின் அளவு 4 கிலோபைட். 16 கிகாபைட்டுக்கு ஏறத்தாழ 42 இலட்சம் பக்கங்கள்! பாலை வாளியில் சேர்த்து நிறுக்காமல், ஒவ்வொரு மங்காகக் கிராணி நிறுத்து எழுதினால் பொழுது சாயாதா?

இதற்கு வாளியே மருந்து. 2 மெகாபைட் பெரும்பக்கங்களாக ஒதுக்கினால் 8,192 பக்கங்கள் போதும். 1 கிகாபைட் பக்கமானால் வெறும் 16. இவற்றைத் தாய்க்கணினி தொடங்கும்போதே ஒதுக்கிவிட வேண்டும். சிறிது நேரம் ஓடிய பிறகு நினைவகம் துண்டாடப்பட்டுவிடும். பெரிய துண்டு கிடைப்பது அரிது. ஒன்றையும் மறக்கக் கூடாது. ஒதுக்கியதைத் தாய்க்கணினி தொட முடியாது. எனவே அதற்கும் போதிய பங்கு விட்டுவைக்க வேண்டும்.

ஈப்போவில் படிக்கும் நம் பிள்ளை, “கணினி மெதுவாகத் தொடங்குகிறது, புதியது வேண்டும்” என்று கேட்கலாம். கடன் வாங்கப் புறப்படுமுன், “நினைவகத்தை எப்படி ஒதுக்கினாய்?” என்று கேட்டுப் பாருங்கள். காரணம் அறிந்தால் கைப்பணம் மிஞ்சும். துண்டாடலின் வலியை அறிந்த நமக்கு இந்தப் பாடம் புதிதன்று.